கேசட் ஆளு

உலகத்துலயே பெரிய ராக் டிரம்மர் யாருங்கற சண்டை எங்க வீட்டுல ஆறு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. சண்டை போடறது என் வீட்டுக்காரரும், எங்க ஏரியாவுல இருந்து ரெண்டு ரயில் ஸ்டேஷன் தள்ளி கிளமெண்டியில இருக்கற ஒரு தம்பியும். தீர்ப்பு சொல்றது நான். எனக்கு ராக்கைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. அரசாங்கப் பாலிகிளினிக் கவுண்டர்ல உக்காந்து நோயாளிங்க நம்பர் கூப்பிடறவ நான். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் 'என் நம்பர் ஏன் இன்னும் வரல'ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என்கிட்ட இருந்த பொறுமை சுத்தமா தீர்ந்துபோச்சு. அதனாலதான் இந்த வேலைக்கு அக்காதான் சரின்னு தம்பி சொல்லும்.

தம்பி எங்களுக்குச் சொந்தமெல்லாம் கிடையாது. ஊர்ல இருந்து ஐடி வேலைக்கு வந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தேக்காவுல, அதான் எல்லாரும் லிட்டில் இந்தியான்னு சொல்ற இடத்துல, வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில நல்ல கூட்டம். இடமில்லாம எங்க மேசையில வந்து எதிர்ல உக்காந்துச்சு. இலை வர்றதுக்குள்ள இவரு வழக்கம்போல மேசையை விரலால தட்ட ஆரம்பிச்சாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கற கூத்துதானேன்னு நான் கண்டுக்கல. திடீர்னு இவரு நிறுத்தின இடத்துல இருந்து அந்தத் தம்பி எடுத்துத் தட்டுச்சு. ரெண்டு பேரும் நிமிர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க பாருங்க, பொண்ணு பாக்க வந்த இடத்துல கூட யாரும் அப்படிப் பாத்திருக்க மாட்டாங்க. ரசம் வர்றதுக்குள்ள பேரும் ஊரும் விசாரிச்சு முடிச்சு, மோர் வர்றதுக்குள்ள சண்டையும் ஆரம்பிச்சாச்சு.

அதுல இருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில ஒன்பது மணிக்கு புக்கிட் பாத்தோக்ல எங்க பிளாக்குக்குக் கீழே இருக்கற கோப்பிக்கடையில கச்சேரி. ஆரம்பத்துல ரெண்டு பேரும் டிரம்மர் பேரா அள்ளி வீசிக்கிட்டிருந்தாங்க. இவன் பெரியவனா அவன் பெரியவனா, இந்த ஆல்பமா அந்த ஆல்பமா. எல்லாம் வெள்ளைக்காரன் பேரு. எனக்கு ஒண்ணு கூட வாய்ல நுழையல. நாலாவது வாரம் எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "இந்த மேசையில இனிமே ஒருத்தர் பேரும் சொல்லக்கூடாது. உங்க ஆளு பெரிய ஆளுன்னா அவன் என்ன அடிச்சான்னு இங்க தட்டிக் காட்டுங்க. தட்டிக் காட்ட முடியாத ஆளுக்கு மார்க் கிடையாது"ன்னு சொல்லிட்டேன். சும்மா வாயை அடைக்கத்தான் சொன்னேன். ரெண்டு பேரும் அதை அப்படியே சட்டமாக்கிட்டாங்க.

பேர் இல்லைன்னா நமக்கு அடையாளம் வேணுமே, அதனால ஆளாளுக்கு நானே பட்டப்பேரு வச்சேன். தம்பியோட முதல் ஆளு ஏகப்பட்ட டிரம்மை சுத்தி அடுக்கிக்கிட்டு நடுவுல உக்காந்திருப்பானாம். அவனுக்கு எட்டுக்கால் பூச்சின்னு பேரு. இவரோட ஆளு ஒருத்தன் முகத்துல ஒரு உணர்ச்சியும் காட்டாம உக்காந்து அடிப்பானாம், ஆனா ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டுல வந்து விழும். அவன் இடிச்சபுளி. இன்னொருத்தன் தூங்குமூஞ்சி. அவன் அடிக்கறதைக் கேட்டா கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரியே இருக்கும், ஆனா லேட் கிடையாதாம். அதுல என்ன பெருமைன்னு கேட்டதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாவமா பாத்தாங்க.

வேகம் பெரிசா, கனம் பெரிசா? அதுலதான் அதிகமா முட்டிக்குவாங்க. தம்பிக்குப் புதுசா யோசிக்கறவன்தான் பெரியவன். இவருக்கு ஒரே அடியில தூங்கறவனை எழுப்பறவன்தான் பெரியவன். "அண்ணே, நீங்க சொல்றது அலாரம்"னு தம்பி சொல்லும். "போடா, நீ சொல்றது கணக்கு வாத்தியாரு"ன்னு இவரு சொல்லுவாரு. என்னோட அளவுகோல் ரொம்ப சிம்பிள். என்னைக் கேக்காம என் கால் ஆடுதா? ஆடினா மார்க்.

சும்மா சொல்லக்கூடாது, ஆடுச்சு. ஒரு பிளாஸ்டிக் மேசை, ரெண்டு கோப்பிக் கரண்டி, நாலு கை. அதுல இருந்து என்னென்னமோ வரும். இவரு உள்ளங்கையால ஒரு அடி, விரல் நுனியால ஒரு அடி, மணிக்கட்டை மேசை விளிம்புல வச்சு ஒரு அடின்னு மூணையும் பின்னிப் போடும்போது பக்கத்து மேசையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த ஆளுங்க பேப்பரை இறக்கிட்டுப் பாப்பாங்க. கடைக்கார சீன அங்கிள் முதல்ல 'ஐயோ, கப் உடைஞ்சா யாரு குடுப்பா'ன்னு கத்திக்கிட்டிருந்தாரு. அப்புறம் அவராவே எங்களுக்குப் பாத்திரம் கழுவற இடத்துக்குப் பக்கத்துல ஒரு மேசையை ஒதுக்கிட்டாரு. தட்டி முடிச்சதும்தான் கோப்பியே கொண்டு வந்து வைப்பாரு.

இத்தனை நடந்தும் இவரு மனசுல முதலிடம் வேற ஒருத்தனுக்கு. கேசட் ஆளு. அவனுக்கு நான் பேரு வைக்கல. அவன் பேரு நிஜமாவே யாருக்கும் தெரியாது.

இவரு நேஷனல் சர்வீஸ்ல, அதான் கட்டாய ராணுவ சேவையில, இருந்த காலத்துல தேக்காவுல ஒரு கடையில காலிக் கேசட் குடுத்தா பாட்டு ஏத்திக் குடுப்பாங்களாம். இவரு ராக் ஏத்திக் குடுங்கன்னு குடுத்தாரு. கடைக்காரரு அட்டையில பாட்டுப் பேரு எதுவும் எழுதாம, பேனாவால 'டிரம்ஸ் நல்லா இருக்கும்'னு மட்டும் எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டாவது பக்கத்துல கடைசியில ஒரு பாட்டு. அதுல நடுவுல பாட்டுக்காரன் ஒதுங்கிடுவான், கிட்டார்காரன் ஒதுங்கிடுவான், டிரம்ஸ் மட்டும் நாலஞ்சு நிமிஷம் தனியா போகும். அதை முதல் தடவை கேட்டப்ப கையும் ஓடல காலும் ஓடலன்னு இவரு சொல்லுவாரு. ஒரு மனுஷனால இப்படி முடியுமான்னு அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லையாம்.

அப்ப இவரு ஒரு பேண்ட்ல டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டிருந்தாரு. கூட்டாளிங்க நாலு பேரு, சமூக மன்றத்துல அப்பப்ப மேடை ஏறுவாங்க. நல்லாத்தான் வாசிச்சாருன்னு கேட்டவங்க சொல்றாங்க. ஆனா இவரு அந்தக் கேசட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. அதை அப்படியே வாசிக்கணும். ரெண்டு வருஷம் முட்டி மோதினாரு. நடுவுல ஒரு இடம் மட்டும் வரல. வலது கை பித்தளைத் தகட்டுல நிக்காம ஓடணும், இடது கை சின்ன டிரம்ல உருட்டணும், அதே நேரத்துல பெரிய டிரம் மூணும் அடி வாங்கணும். கை ரெண்டுதானே இருக்கு? அவனுக்கு மட்டும் எப்படி முடியுது? தனக்குத் திறமை பத்தாதுன்னு முடிவு பண்ணி, பேண்டை விட்டு, டிரம்ஸையும் வித்துட்டாரு. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. அதனால இவரு நிஜ டிரம்ஸ்ல உக்காந்து நான் ஒரு நாள் கூடப் பாத்ததில்ல.

இவரு இப்ப லிஃப்ட் டெக்னீஷியன். யாரு வீட்டு பிளாக்ல லிஃப்ட் நின்னாலும் ஓடுவாரு. வீட்டுக்கு வந்து குளிச்சுச் சாப்பிட்டுட்டு, எட்டு மணிக்கு ரூம்ல தட்டிப் பழகற ரப்பர் பேடு ரெண்டை வச்சுக்கிட்டு, காலுக்கடியில பழைய செருப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்துருவாரு. இருபத்தாறு வருஷம். எங்க பொண்ணு அந்தச் சத்தத்துலதான் தூங்கிப் பழகுச்சு. கீழ் வீட்டு ஆன்ட்டி விளக்குமாத்தால இடிச்சு இடிச்சு சலிச்சுப் போயிட்டாங்க. ஆரம்பத்துல இருந்து வாசிப்பாரு, அந்த இடம் வரும், நிக்கும். மறுபடி ஆரம்பத்துல இருந்து. அந்த இடம், நிக்கும். கேசட் பிளேயர் செத்துப்போய்ப் பத்து வருஷமாச்சு. பாட்டு முழுசும் அவரு மண்டைக்குள்ளதான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

கோப்பிக்கடையிலயும் அதே கதைதான். கேசட் ஆளைத் தட்டிக் காட்டுவாரு, மேசையே அதிரும், தம்பி வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்கும். அந்த இடம் வந்ததும் கையை எடுத்துருவாரு. "இதுக்கு மேல எனக்கு வராது லா. அவனுக்கு வரும்." சட்டப்படி நான் மார்க் குடுக்கல. "கூட்டாளிங்க கேட்டா மறுபடி டிரம்ஸ்ல உக்காருவீங்களா அண்ணே?"ன்னு ஒரு தடவை தம்பி கேட்டுச்சு. "அதை முழுசா வாசிக்கற அன்னிக்கு உக்காருவேன்"னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவருக்கு ஐம்பத்து மூணு வயசு. அந்த நாள் எப்ப வரும்?

போன வருஷம் இவரு பொறந்தநாளுக்கு அந்தக் கேசட்டை ஃபோன்ல கேக்கற மாதிரி மாத்திக் குடுக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. இவருக்குத் தெரியாம எடுத்துக்கிட்டு ஒரு சனிக்கிழமை கிளமெண்டிக்குப் போனேன். இவரு அன்னிக்கு டியூட்டி. தம்பி யார்கிட்டயோ பழைய பொருளா ஒரு குட்டிக் கேசட் பிளேயர் வாங்கி வச்சிருந்துச்சு, காதுல மாட்டிக் கேக்கற வகை. எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒரு கோப்பிக்கடையில உக்காந்தோம். ஒரே இரைச்சல். ஒயரோட ஒரு முனையை நான் இடது காதுல வச்சுக்கிட்டேன், இன்னொரு முனையைத் தம்பி வலது காதுல வச்சுக்கிச்சு. அது கேசட் ஆளை அன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்குது.

டிரம்ஸ் தனியா வர்ற இடம் வந்துச்சு. பழக்க தோஷம், ரெண்டு பேரும் கேக்கறதை மேசையில தட்ட ஆரம்பிச்சோம். அஞ்சு வருஷமா தீர்ப்பு சொல்லி எனக்கும் கொஞ்சம் கை வந்துடுச்சு.

"தம்பி, தப்பாத் தட்டறே."

"இல்லக்கா, நீங்கதான் தப்பாத் தட்டறீங்க."

"நான் என்ன கேக்குதோ அதைத்தான் தட்டறேன்."

"நானும் அதைத்தான்கா தட்டறேன். நீங்க சும்மா கேளுங்க."

எனக்கு மூக்குமேல கோபம் வந்துடுச்சு. "குடு அதை"ன்னு அதோட காதுல இருந்ததைப் பிடுங்கி என் காதுல வச்சேன், என்னோடதை அதுகிட்ட குடுத்தேன். அவ்வளவுதான். வேற டிரம்ஸ். வேற ஆளு. என் காதுல இவ்வளவு நேரம் தகட்டுலயும் சின்ன டிரம்லயும் ஓடிக்கிட்டிருந்தவன் காணோம். இங்க ஒருத்தன் பெரிய டிரம் மூணையும் உருட்டிக்கிட்டிருக்கான். நான் தம்பியைப் பாத்தேன். தம்பி பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்துச்சு.

"அக்கா, ரெண்டு பேருக்கா இது. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்."

இவருகிட்ட இருந்த பழைய பிளேயர் ஒத்தை ஸ்பீக்கர். ரெண்டு பக்கமும் ஒண்ணா கலந்துதான் வரும். காதுல மாட்டிக் கேக்கறது இவருக்கு ஆகவே ஆகாது. டிரம்ஸ் காதுக்குள்ள கேக்கக்கூடாது, ரூம்ல கேக்கணும்னு ஒரு பிடிவாதம். அந்த ஒத்தை ஸ்பீக்கருக்கு முன்னாடி உக்காந்துதான் இந்த மனுஷன் ரெண்டு பேரை ஒருத்தன்னு நெனச்சு, அவனைக் கும்பிட்டு, தன்னைத் தானே ஒண்ணுக்கும் ஆகாதவன்னு முடிவு பண்ணியிருக்காரு.

எனக்கு அழுகையா கோபமான்னே தெரியல. அந்தக் கடைக்காரர் மேல கோபம், அந்த ரெண்டு வெள்ளைக்காரன் மேல கோபம், இவரு பிடிவாதத்து மேல பெருங்கோபம். தம்பி வேற ஒண்ணை நெனச்சுக்கிட்டிருந்துச்சு. மெதுவா சொல்லுச்சு: "அக்கா, அந்த ஒரு இடத்தை விடுங்க. அதுக்கு முந்தி வர்ற எல்லாத்தையும் அண்ணன் ஒத்தையா வாசிக்கறாரு. ரெண்டு ஆளு வாசிச்சதை. யாராலக்கா முடியும்?" எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. தினம் எட்டு மணிக்கு என் ரூம்ல அது நடந்துக்கிட்டிருந்திருக்கு. நான் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்திருக்கேன்.

சொல்றதா வேணாமா? தம்பி வேணாம்னுச்சு. "உடைஞ்சு போயிடுவாருக்கா. இத்தனை வருஷம் இல்லாத ஒருத்தனுக்காக விட்டுட்டேன்னு ஆயிடும்." நியாயம்தான். பொறந்தநாளுக்குச் சட்டை வாங்கிக் குடுத்தேன். கேசட்டும் பிளேயரும் என் கைப்பையில கிடந்துச்சு. அஞ்சு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். நான் அஞ்சு நாள் வாயைக் கட்டினதே பெரிய சாதனை.

ஆறாவது நாள் ரூம்ல வழக்கம்போல நடந்துக்கிட்டிருந்துச்சு. அந்த இடம் வந்துச்சு, நின்னுச்சு. அப்ப ஒரு சத்தம். எட்டிப் பாத்தேன். இவரு வலது கையால இடது கையை ஓங்கி அடிச்சுக்கிட்டு, "சனியன் பிடிச்ச கை"ங்கறாரு. சின்னதா, தனக்குள்ள சொல்லிக்கற மாதிரி. என்னால தாங்க முடியல.

"அந்தக் கையைத் திட்டாதீங்க! அது ரெண்டு பேருங்க! ரெண்டு பேரு சேர்ந்து அடிச்சது!"

இவரு ஒண்ணும் புரியாம பாத்தாரு. கைப்பையைக் கொண்டு வந்து கட்டில்ல கொட்டினேன். பிளேயரைக் குடுத்தேன். காதுல வைக்க மாட்டேன்னு ஆரம்பிச்சாரு. "இன்னிக்கு ஒரு நாளாவது என் பேச்சைக் கேளுங்க"ன்னு கத்தினேன். வச்சுக்கிட்டாரு. இடது பக்கத்தை எடுத்துட்டுக் கேட்டாரு. வலது பக்கத்தை எடுத்துட்டுக் கேட்டாரு. திருப்பி ஓட்டி மறுபடி கேட்டாரு. முகத்துல ஒண்ணும் தெரியல. அரை மணி நேரம் கழிச்சு அதை எடுத்துக் கட்டில்ல வச்சாரு.

"அப்ப நான் இத்தனை வருஷமும் முட்டாளா?"

"ஆமா, முட்டாள்தான்"னேன். சொல்லிட்டு நானே அழுதுட்டேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

மறுநாள் ரப்பர் பேட் ரெண்டும் அலமாரி மேல ஏறிடுச்சு. எட்டு மணிக்கு வீடு அமைதியா இருந்துச்சு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. எரிச்சலா இருக்குன்னு எத்தனை நாள் திட்டியிருப்பேன், அந்தச் சத்தம் இல்லாம எனக்கு உக்காரவே முடியல. கீழ் வீட்டு ஆன்ட்டி லிஃப்ட்ல என்னைப் பாத்து, உன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை இவரு கோப்பிக்கடைக்கு இறங்கல. நான் தனியா போய் உக்காந்தேன். "சொல்லாதீங்கன்னு சொன்னேன்லக்கா"ன்னு தம்பி முகத்தைத் தூக்கி வச்சுக்கிச்சு. நல்லா நாலு வார்த்தை திட்டலாம்னு வாயைத் திறந்தேன், ஆனா அது சொன்னதுதான் நடந்திருக்கு. நான்தான் என் வாயால அவரு சாமியை உடைச்சுட்டேன்னு ரெண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கல.

மூணாவது ஞாயித்துக்கிழமை தம்பி நேரா வீட்டுக்கே வந்துடுச்சு. இவரு சாப்பாட்டு மேசையில உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டிருந்தாரு. தம்பி எதிர்ல உக்காந்து, ஒண்ணும் பேசாம, இடது பக்கத்து ஆளு வாசிச்சதைத் தட்ட ஆரம்பிச்சுச்சு. தப்புத் தப்பா. எனக்கே தெரியற அளவுக்குத் தப்பு. வேணும்னே தப்பாத் தட்டுச்சா, நிஜமாவே வரலையா, இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல. இவரு கொஞ்ச நேரம் ரொட்டியையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் பொறுக்க முடியல.

"அப்படி இல்ல லா. தள்ளு."

தட்டைத் தள்ளிட்டுத் தட்டிக் காட்டினாரு. "சரி, அந்தப் பக்கத்து ஆளு?"ன்னுச்சு தம்பி. அதையும் தட்டினாரு. ஆனா தனியா வரல. அவரு ஒருத்தனை மட்டும் தட்டப் பாக்கறாரு, மத்தவன் தானா கூட வந்துடறான். நிறுத்திட்டு மறுபடி ஒருத்தனை மட்டும் தட்டப் பாத்தாரு. மறுபடி ரெண்டு பேரும் வந்துட்டாங்க. மூணாவது தடவை தன் கையையே உத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

"அண்ணே, அவங்களே ரெண்டு பேரு. நீங்க ஒருத்தரு"ன்னுச்சு தம்பி.

இவரு தள்ளின தட்டை மறுபடி இழுத்து வச்சுக்கிட்டாரு. அப்புறம் என்னைப் பாத்துத்தான் கேட்டாரு, தம்பியை இல்ல. "நிஜ டிரம்ஸ்ல இது எப்படி இருக்கும்னு நெனக்கறே?"

எனக்கு என்ன தெரியும்? "போய்ப் பாத்தாத்தான் தெரியும்"னேன்.

தேக்காவுக்குப் பின்னாடி ஒரு பழைய கட்டடத்துல, மூணாவது மாடியில, மணிக்கணக்குல வாடகைக்கு விடற ஜாமிங் ஸ்டூடியோ ஒண்ணு இருக்கு. பேண்ட் வச்சிருக்கறவங்க வந்து பழகற இடம். தம்பி ஃபோன்லயே ஒரு மணி நேரத்துக்கு இடம் பிடிச்சுடுச்சு. கவுண்டர்ல ஒரு மலாய்க்காரர் ஸ்டிக் குடுத்தாரு. இவரு அதை வாங்கி ரெண்டையும் காதுகிட்ட வச்சுத் தட்டிப் பாத்துட்டு, வேற ஜோடி கேட்டாரு. மூணு ஜோடி மாத்தினாரு. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப கூட இவ்வளவு யோசிக்கல. ரூம்ல சுவரெல்லாம் பஞ்சு. நடுவுல டிரம்ஸ். சட்டையைக் கழட்டி வச்சுட்டு ஸ்டூலை ஏத்தினாரு, இறக்கினாரு, பெடலை மிதிச்சுப் பாத்தாரு. கதவை சாத்திட்டு நானும் தம்பியும் சுவரோரம் தரையில உக்காந்தோம்.

முதல் அடியிலேயே நான் காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் கையை எடுத்துட்டேன். யப்பா, அது ரப்பர்ல கேட்டது இல்ல, மேசையில கேட்டது இல்ல. தரை வழியா ஏறி முதுகெலும்புல வந்துச்சு. நான் பாத்துக்கிட்டிருந்தது என் வீட்டுக்காரரைத்தான், அதே பனியன், அதே வழுக்கை. ஆனா இந்தத் தோளை நான் பாத்ததில்ல. தோள் ரெண்டும் இறங்கி, கை தானா போகுது. வலது கை தகட்டுல ஓடுது, அவரு அதைப் பாக்கவே இல்ல. கால் ரெண்டும் வேற எங்கேயோ நடக்குது. ரெண்டு பேரு வாசிக்கறதை ஒரு ஆளு வாசிக்கறாரு, என் கண் முன்னாடி. தம்பி அழுதுச்சு. அது அழறதைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா என் கன்னமும் ஈரமாத்தான் இருந்துச்சு.

அந்த இடம் வந்துச்சு. எனக்குத் தெரியும், அது வர்றதுக்கு ரெண்டு மூச்சு முந்தியே எனக்குத் தெரியும். கையைக் கோத்துப் பிடிச்சுக்கிட்டேன். நின்னுட்டாரு. அவ்வளவுதான், மறுபடி ஆரம்பத்துக்குப் போயிடுவாருன்னு நெனச்சேன். இவரு நெத்தியைத் துடைச்சுக்கிட்டு, லேசா சிரிச்சாரு.

"இந்த இடம் வந்ததுனாலதான் அவனும் கூட இன்னொரு ஆளைக் கூப்பிட்டிருப்பான்"ன்னாரு.

சொல்லிட்டு ஸ்டிக்கை எடுத்து, அந்த இடத்தை அப்படியே விட்டுட்டு, அதுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வாசிக்க ஆரம்பிச்சாரு.

அந்தப் பக்கத்தை இவரு வாசிச்சு நான் கேட்டதே இல்ல. இருபத்தாறு வருஷமா அந்த இடத்தோட நின்னு போனதுதான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் இவரு கையில இவ்வளவு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. முதல்ல மெதுவா, யாரோ தூரத்துல நடந்து வர்ற மாதிரி வந்துச்சு, அப்புறம் கனமாச்சு, அப்புறம் அந்த ரூம் முழுக்க அதுதான். இவரு கண்ணை மூடியிருந்தாரு. எத்தனை நிமிஷம் போச்சுன்னு சொல்லத் தெரியல. கடைசி அடி அடிச்சுட்டு, ஆடற தகட்டைக் கையால பிடிச்சு நிறுத்தினாரு. அப்பவும் தரை அதிர்ந்துக்கிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு.

கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. அந்த மலாய்க்காரர் எட்டிப் பாத்து, டைம் ஆச்சுன்னு மணிக்கட்டைக் காட்டினாரு. இவருக்கு மூச்சு வாங்குச்சு, பனியன் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. எழுந்திருக்கவே இல்ல. ஸ்டிக் ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு.

"ஏம்மா, இன்னொரு மணி நேரம் கிடைக்குமான்னு கேட்டுப் பாரேன்."

நான் செருப்பைக் கூடப் போடாம கவுண்டருக்கு ஓடினேன்.